மனச்சோர்வு நீங்க எளிய முறைகள்

(வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவரின் வானொலி உரை)



பயிரில் மஞ்சள் விழுந்தால் என்ன செய்வது, புகையான் வந்தால் என்ன செய்வது என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். மாட்டுக்குக் கோமாரி கண்டால் கூட உடனே டாக்டரைக் கூப்பிடுகிறோம். ஆனால் அந்தப் பயிரையும் மாட்டையும் பார்த்துக்கொள்கிற மனுஷனுக்கு மனசு சரியில்லாமல் போனால், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர் பாட்டுக்குத் திண்ணையில் படுத்துக் கிடப்பார். "உடம்புக்கு என்ன?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லே" என்பார். நாமும் சரி என்று போய்விடுகிறோம். அந்த 'ஒண்ணுமில்லே'க்குப் பின்னால் என்ன இருக்கிறது, அதற்கு நம்மால் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நமது டெல்டாவில் கவலைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்குமா என்பதில் ஆரம்பித்து, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமா, அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளுமா, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று நெல்லை நிறுத்தி விடுவார்களா என்பது வரைக்கும் வருஷம் முழுக்கக் கவலைதான். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கங்களில் வளர்த்த பிள்ளை மாதிரி நின்ற தென்னைகள் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. நெல் போனால் அடுத்த போகம் என்று சொல்லலாம். தென்னை போனால் மறுபடி காய் பார்க்கப் பல வருஷம் ஆகும். இதையெல்லாம் பார்த்து மனம் சோர்வது இயற்கை. பலருக்குச் சில நாளில் தேறிவிடும். சிலருக்குத் தேறாமல் உள்ளேயே ஊறி, நோயாக மாறிவிடுகிறது.

அடையாளம் காண்பது எப்படி?

எந்த நோய்க்கும் அறிகுறி உண்டு. மனச்சோர்வுக்கும் உண்டு. முக்கியமானவை இரண்டு. ஒன்று, நாள் முழுக்க மனசு கனத்துக் கிடப்பது. மற்றொன்று, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது. இவற்றோடு தூக்கம் கெடும். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். பசி குறையும். உடம்பு அசதியாகவே இருக்கும். ஒரு கணக்குப் போட்டால் பாதியில் மறந்துபோகும். "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் வரும். சிலருக்குச் செத்துப் போகலாமா என்றுகூடத் தோன்றும். இவற்றில் பல சேர்ந்து, இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக தினமும் இருந்தால் அதை மனச்சோர்வு நோய் என்று சந்தேகிக்க வேண்டும்.

நம் ஊர்ப் பக்கத்தில் பலர் மனசு சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள். தலைவலி, நெஞ்சடைப்பு, கைகால் குடைச்சல், வயிறு சரியில்லை என்றுதான் சொல்வார்கள். பெண்களிடம் இது அதிகம். உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை என்று டாக்டர் பரிசோதித்துச் சொன்ன பிறகும் அந்த வலி தொடர்ந்தால், மனசையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். இது சோம்பேறித்தனம் ஆகாது. பேய் பிசாசும் காரணம் இல்லை. குணப்படுத்தக்கூடிய நோய்.

எண்ணமும் செயலும்

இந்த நோய்க்கு மருந்து மாத்திரை உண்டு. அதோடு பேச்சாலும் பழக்கத்தாலும் குணப்படுத்தும் முறை ஒன்றும் உண்டு. 1960-களில் அமெரிக்காவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் இதற்கு அடித்தளம் போட்டார். அவர் நூறு வயது வாழ்ந்து 2021-இல் காலமானார். டாக்டர்கள் இதை 'காக்னிடிவ் பிஹேவியர் தெரபி' என்பார்கள், சுருக்கமாக சி.பி.டி. எண்ணத்தையும் செயலையும் சீர்படுத்தும் முறை என்று நாம் வைத்துக்கொள்வோம்.

இதன் அடிப்படை என்ன? கடைமடையில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நட்ட சம்பா பத்து நாள் தண்ணீரில் மூழ்கி அழுகிவிட்டது. அவர் மனதில் "இனிமே நான் எழுந்திருக்கவே முடியாது" என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணம் வந்ததும் நெஞ்சு கனக்கிறது, உடம்பு தளர்கிறது. தளர்ந்ததால் வயலுக்குப் போகாமல் படுத்துக்கொள்கிறார். டீக்கடைக்குப் போனால் யாராவது கடனைப் பற்றிக் கேட்பார்கள் என்று அங்கேயும் போவதில்லை. போகாததால் மற்ற வயல்களில் எவ்வளவு தேறியது, நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க எப்போது வருகிறார்கள் என்ற சேதி எதுவும் அவருக்குத் தெரியாமல் போகிறது. தேறியிருக்கக்கூடிய கொஞ்சம் பயிரும் மேலுரம் இல்லாமல் கெடுகிறது. அதைப் பார்த்து, "பாத்தியா, நான் நினைச்சது சரிதான்" என்கிறார். எண்ணம், உணர்ச்சி, உடம்பு, செயல் நான்கும் செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருகின்றன. சுற்றச் சுற்றச் சோர்வு கூடிக்கொண்டே போகிறது.

வெள்ளம் வந்ததை நம்மால் மாற்ற முடியாது. உணர்ச்சியையும் "போ" என்றால் போகாது. ஆனால் எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கலாம். செயலை மாற்றலாம். இந்த இரண்டு மடையில் ஒன்றைத் திருப்பினாலும் மற்றவை தானாக இளகும். சி.பி.டி. என்பது இவ்வளவுதான்.

இதைப் படித்த டாக்டர்தான் செய்ய முடியுமா?

மனநல மருத்துவர்கள் எண்ணிக்கையில் குறைவு; அவர்களும் பெரும்பாலும் நகரத்தில்தான் இருக்கிறார்கள். அதனால் இந்த முறையைச் சுருக்கி, சாதாரண ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கோவாவில் 'சங்கத்' என்ற தொண்டு நிறுவனம், டாக்டர் விக்ரம் படேல் குழுவினருடன் சேர்ந்து, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் செய்தது. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களை ஆறு முதல் எட்டு முறை சந்தித்துப் பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இந்தப் பேச்சு முறை கிடைத்தவர்களில் 100-க்கு 64 பேர் தேறியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 39 பேர்தான் தேறினார்கள். 2017-இல் இந்த முடிவு வெளியானது.

பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு இதே முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். கர்ப்ப காலத்தில் மனச்சோர்வு கண்ட தாய்மார்களை அவர்கள் போய்ப் பார்த்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, இந்த உதவி பெற்றவர்களில் 100-க்கு 23 பேருக்குத்தான் சோர்வு நீடித்தது. மற்றவர்களில் 53 பேருக்கு நீடித்தது. இது 2008-இல் வெளியான ஆய்வு. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் டாக்டர் டிக்சன் சிபாண்டா என்பவர் 2006-இல் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் சுகாதார நிலையத்தின் வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கஷ்டத்தைக் கேட்டு வழி தேட உதவினார்கள். 'நட்பு பெஞ்சு' என்று பெயர் பெற்ற அந்த முறைக்கு நல்ல பலன் உண்டு என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது.

நமது ஜில்லாக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. 1960-களில் ஆடுதுறை 27 ரகம் வந்தபோது, வானொலியில் கேட்டே விவசாயிகள் அதைப் பயிரிட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. விஞ்ஞானி கண்டுபிடித்ததை விவசாயி கற்றுக்கொண்டு, அடுத்த வயல்காரருக்கும் சொல்லிக் கொடுத்தார். மனசு சம்பந்தப்பட்ட சில பயிற்சிகளையும் அப்படிக் கற்றுக்கொள்ளலாம். ஐந்து முறைகளை இப்போது ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் முறை: சின்ன வேலையில் ஆரம்பித்தல்

சோர்ந்து கிடப்பவர், "மனசு தெளியட்டும், அப்புறம் எழுந்து போறேன்" என்று இருப்பார். இந்த நோயில் அது தலைகீழ். எழுந்து போனால்தான் மனசு தெளியும். அதற்காக முதல் நாளே மூன்று ஏக்கரையும் சுற்றி வரச் சொல்லக் கூடாது. ஒரு தாளில் ஏழு நாளையும் எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு சின்ன வேலைகளைக் குறிக்க வேண்டும். ஒன்று செய்து முடித்தால் திருப்தி தரக்கூடியது. மற்றது மனசுக்குப் பிடித்தது. உதாரணமாக, காலை ஆறரை மணிக்கு மடை வரைக்கும் நடந்துவிட்டு வருவது. மாட்டைக் குளிப்பாட்டுவது. பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவது. சாயந்திரம் கோயில் வாசலில் பழைய சிநேகிதரோடு பத்து நிமிஷம் உட்காருவது.

எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரோடு என்று திட்டமாக எழுத வேண்டும். "முடிஞ்சா போறேன்" என்று இருந்தால் நடக்காது. செய்த பிறகு மனசு எப்படி இருந்தது என்று பத்துக்கு இவ்வளவு என மார்க் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஒரு மாற்றமும் தெரியாமல் போகலாம். நாற்று நட்டவுடன் பச்சை பிடிக்கிறதா? சில நாள் வாடித்தான் நிற்கும். ஒரு வாரம், இரண்டு வாரம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். கோவாவில் கற்றுக்கொடுத்ததன் அடிநாதம் இந்த முறைதான்.

இரண்டாவது முறை: எண்ணத்தைச் சோதித்தல்

புகையான் என்று சொன்னதும் வரப்பில் நின்றபடியே மருந்து அடிக்கக் கூடாது, வயலில் இறங்கி எண்ணிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கிற வயலில் தூருக்கு இரண்டு பூச்சி. அந்த அளவைத் தொட்டால்தான் மருந்து. அதற்குக் கீழே இருந்தால் செலவும் வீண், நன்மை செய்யும் பூச்சிகளும் சாகும். மனசில் வருகிற எண்ணத்துக்கும் இதே வழியைக் கடைப்பிடிக்கலாம்.

"எல்லாம் போச்சு" என்று ஓர் எண்ணம் வருகிறது. அதை அப்படியே நம்பி விடாதீர்கள். தாளை எடுத்து அந்த எண்ணத்தை மேலே எழுதுங்கள். நடுவில் ஒரு கோடு போடுங்கள். அது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம் என்று இடது பக்கம். அதற்கு எதிராக என்ன ஆதாரம் என்று வலது பக்கம். நம் கடைமடைக்காரர் எழுதினால் எப்படி இருக்கும்? இடது பக்கத்தில்: சம்பா இரண்டு ஏக்கர் முழுசும் அழுகிப் போச்சு, சொசைட்டியில் பயிர்க்கடன் நிற்கிறது, நகை அடகில் இருக்கிறது. வலது பக்கத்தில்: மேட்டுப் பாங்கான ஓர் ஏக்கர் தப்பியிருக்கிறது, இரண்டு மாடு கறக்கிறது, முன்பு வறட்சி வந்தபோதும் இப்படித்தான் நினைத்தேன், மூன்று வருஷத்தில் அந்தக் கடனை அடைத்தேன், மச்சான் உதவி செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

கடைசியில் ஒரு கேள்வி: இதே நிலைமையில் என் சிநேகிதன் வந்து நின்றால் அவனிடம் என்ன சொல்வேன்? "நீ தொலைஞ்சே" என்று சொல்வேனா? மாட்டேன். "இந்தப் போகம் போச்சுடா. கஷ்டம்தான். ஒரு ஏக்கரைக் காப்பாத்து, மத்ததை ஒண்ணொண்ணாப் பாப்போம்" என்பேன். அதை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். எல்லாம் நல்லதாகவே நடக்கும் என்று வலுக்கட்டாயமாக நினைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கடன் இருந்தால் இருக்கிறது என்றே எழுத வேண்டும். உள்ளதை உள்ளபடி எண்ணுவதுதான் இந்த முறை. கூட்டியும் எண்ணக் கூடாது, குறைத்தும் எண்ணக் கூடாது.

மூன்றாவது முறை: பிரச்சினையைப் பிரித்தல்

"மனசைச் சரி பண்ணிட்டா கடன் தீந்துடுமா சார்?" என்று கூட்டங்களில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தீராது. ஆனால் சோர்ந்து படுத்திருப்பவர் பாங்கிக்குப் போய்த் தவணை கேட்க மாட்டார். வந்த நோட்டீசைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். பிரச்சினை எல்லாம் ஒன்றாகத் திரண்டு ஒரு மலை மாதிரி நிற்கும். அதைப் பிரிக்க வேண்டும்.

எல்லாக் கஷ்டத்தையும் வரிசையாக எழுதுங்கள்: அணை நீர்மட்டம், அழுகிய பயிர், நகை ஏல நோட்டீசு, எரிந்துபோன மோட்டார், பையனின் கல்லூரிக் கட்டணம். இதில் நம் கையில் இல்லாதது எது? அணை நீர்மட்டம். அதை ஒதுக்கி வையுங்கள். மீதியில் ஒன்றே ஒன்றை, முதலில் நகை நோட்டீசை, எடுங்கள். அதற்கு என்னென்ன வழி என்று நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் எழுதுங்கள். பாங்கி மேனேஜரைப் பார்த்து அவகாசம் கேட்கலாம். வட்டி மட்டும் கட்டினால் புதுப்பிப்பார்களா என்று விசாரிக்கலாம். மச்சானிடம் கைமாற்றுக் கேட்கலாம். ஒரு நகையை மீட்டு விற்று மற்றதைக் காப்பாற்றலாம். பிறகு ஒவ்வொன்றிலும் சாதகம் பாதகம் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எந்தக் கிழமை, யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்யுங்கள். போய் வந்த பிறகு என்ன நடந்தது என்று பார்த்து, சரிவரவில்லை என்றால் அடுத்த வழி.

இயற்கைச் சீற்றம் என்று அரசு அறிவித்த பகுதிகளில் பயிர்க்கடன் கட்டும் காலத்தை மாற்றியமைக்க வங்கிகளுக்கு வழி உண்டு. ஆனால் போய்க் கேட்கிறவருக்குத்தான் அது தெரியவரும். கந்துவட்டிக்காரர் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் இந்தத் தாளை எழுதிப் பாருங்கள்.

நான்காவது முறை: பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளுதல்

கடன்பட்டவருக்கு வெட்கத்தால் வெளியே தலைகாட்டவே பயம் வந்துவிடும். சொசைட்டி இருக்கிற தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போவார். தவிர்க்கும்போது அந்த நிமிஷம் நிம்மதியாக இருக்கும். ஆனால் பயம் வளர்ந்துகொண்டே போகும். இதற்கு ஏணிப்படி மாதிரி ஒரு வரிசை போட வேண்டும். முதல் படி, சிநேகிதரோடு சொசைட்டி வாசல் வழியாக நடந்து போவது. இரண்டாம் படி, தனியாக அதே வழியில் போவது. மூன்றாம் படி, உள்ளே போய் எழுத்தரிடம் பாக்கி எவ்வளவு என்று மட்டும் கேட்டு வருவது. நான்காம் படி, செயலாளரிடம் உட்கார்ந்து பேசுவது. ஒரு படியில் பயம் தணிந்த பிறகு அடுத்த படி. பயம் வந்தவுடனே திரும்பி ஓடி வராமல், அது தணிகிற வரைக்கும் அங்கேயே நிற்பதுதான் முக்கியம்.

ஐந்தாவது முறை: மூச்சும் தூக்கமும்

நெஞ்சு படபடத்தால் ஓரிடத்தில் சாய்ந்து உட்காருங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூன்று எண்ணுகிற வரை மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். வயிறு உப்ப வேண்டும். மூன்று எண்ணுகிற வரை வெளியே விடுங்கள். ஐந்து நிமிஷம் செய்யுங்கள். படபடப்பு இல்லாத நேரத்திலும் தினமும் பழகினால்தான் அவசரத்துக்குக் கைகொடுக்கும்.

ராத்திரி படுத்தவுடன் கவலை வந்து உட்கார்ந்துகொள்கிறதா? கவலைக்கு என்று சாயந்திரம் இருபது நிமிஷம் ஒதுக்கி வையுங்கள். வருகிற கவலையெல்லாம் அப்போது எழுதித் தீர்த்துவிடுங்கள். ராத்திரி மறுபடி வந்தால், "உனக்கு நாளைக்குச் சாயந்திரம் ஆறு மணிக்கு நேரம் கொடுத்திருக்கேன்" என்று தள்ளிப் போடுங்கள். எவ்வளவு நேரம் கழித்துத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும். பகலில் நீண்ட நேரம் படுக்கக் கூடாது. படுத்து இருபது நிமிஷம் போலத் தூக்கம் வராவிட்டால், புரளாமல் எழுந்து உட்கார்ந்து, கண் சொருகும்போது போய்ப் படுக்க வேண்டும். தூக்கத்துக்காகச் சாராயம் குடிப்பவர்கள் உண்டு. குடித்தால் முதலில் கண் அயரும். பின்னிரவில் விழிப்பு வந்து, மறுநாள் சோர்வு கூடும். கைக்காசும் போகும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

"தைரியமா இரு", "உனக்கென்ன குறைச்சல்" என்று நாம் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறோம். கேட்பவருக்கு அது, "உன் கஷ்டத்தைச் சொல்லாதே" என்று காதில் விழும். புத்தி சொல்வதைக் குறைத்துவிட்டுக் கேட்பதைக் கூட்ட வேண்டும். "வாங்க மாமா, மடை வரைக்கும் ரெண்டு பேரும் போயிட்டு வருவோம்" என்று கையைப் பிடித்துக் கூப்பிடுவது பெரிய உதவி. எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். வேலையில்லாமல் தவிக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும், வீட்டையும் வயலையும் சேர்த்துச் சுமக்கும் தாய்மார்களுக்கும் இதே முறைகள் பொருந்தும். தாய்மார்களுக்கு வேலைப் பட்டியலில் இன்னொரு வேலையைச் சேர்க்காமல், அரை மணி நேரம் ஓய்வாக உட்காருவதை எழுதிக் கொடுங்கள். அந்த அரை மணி நேர வேலையை வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிக முக்கியமான எச்சரிக்கை

சோர்ந்து இருப்பவர் "நான் இல்லாம இருந்தாத்தான் உங்களுக்கு நல்லது" என்கிற மாதிரி பேசினால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம். கேட்டால்தான் அவர் மனம் விட்டுச் சொல்வார். அவரைத் தனியாக விடாமல் கூடவே இருந்து டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இந்த நிலையிலும், காதில் குரல் கேட்கிறது என்று சொன்னாலும், சாப்பாடு தண்ணீர் இல்லாமல் கிடந்தாலும், மேலே சொன்ன பயிற்சிகளை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தவும் கூடாது.

அதோடு பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குக் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் இடத்தில் விஷம் இல்லாமல் இருந்தால் உயிர் தப்பும். நமக்குப் பக்கத்தில், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் பூ சாகுபடி செய்யும் கிராமங்களில், சென்னை 'சிநேகா' அமைப்பினர் ஊருக்குப் பொதுவாக ஒரு மருந்துக் கிடங்கு அமைத்துப் பார்த்தார்கள். 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு அது. ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பூட்டிய பெட்டி. தெளிக்கிற அன்று வந்து மருந்தை எடுத்துக்கொள்வது, மீதியைத் திருப்பி வைப்பது. இப்படி வைப்பதை விவசாயிகள் ஏற்றுக்கொள்கிறார்கள், அது உயிர்களைக் காக்கவும் உதவக்கூடும் என்று 2013-இல் வெளியான அறிக்கை காட்டியது. உங்கள் ஊரில் அப்படிக் கிடங்கு இல்லாவிட்டாலும், தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மீந்ததைப் பூட்டி, சாவியைப் பொறுப்பான வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். வீட்டில் ஒருவர் சோர்ந்திருக்கும் காலத்தில் மருந்தை வீட்டை விட்டே அப்புறப்படுத்தி விடுங்கள்.

மீறி யாராவது மருந்தைக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று நேரத்தைப் போக்காமல் 108-க்குப் போன் செய்து, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்று மறைக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று சொல்கிறது.

எங்கே உதவி கிடைக்கும்?

14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். 'டெலி மானஸ்' என்ற இந்த அரசுச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலேயே பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவிலும் சிகிச்சை உண்டு. தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அங்கே போனால் ஊரில் பைத்தியம் என்று சொல்வார்களோ என்று சிலர் தயங்குவார்கள். பல்வலிக்குப் பல் டாக்டரிடம் போகிற மாதிரிதான் இதுவும்.

இன்று சொன்னவற்றைச் சுருக்கமாக நினைவில் வையுங்கள். தினம் இரண்டு சின்ன வேலை. எண்ணத்தை எழுதிச் சோதிப்பது. பிரச்சினையைப் பிரித்து ஒன்றை மட்டும் எடுப்பது. பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்வது. மூச்சையும் தூக்கத்தையும் ஒழுங்கு செய்வது. ஐந்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதலாவதை மட்டும் ஒரு வாரம் செய்து பாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தேறவில்லை என்றால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் கொஞ்ச நாளாக டீக்கடைக்கு வராமல் இருப்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "ஒண்ணுமில்லே" என்று அவர் சொன்ன பிறகும் ஒரு கால் மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.